கொள்ளுப்பாட்டியின் ரத்தம்

ஷார்ஜாவில் யாராவது ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பிப் போகிறார்கள் என்றால், அந்த மாடியில் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் ஏதாவது ஒன்று வந்துசேரும். ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, பாதி தீர்ந்த எண்ணெய்க் கேன், குழந்தை ஓட்டிய சைக்கிள். விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் வாழ்க்கையை ஏற்ற விடமாட்டார்கள். மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

2008-இல் எங்கள் எதிர்வீட்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ் அப்படிக் கிளம்பினார். அம்மாவுக்கு ஒரு குக்கர். எனக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஆங்கிலப் புத்தகங்கள். முக்கால்வாசி காதல் கதைகள். அட்டைப்படங்களைப் பார்த்ததும் அம்மா அவற்றைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். ஒரே ஒரு புத்தகம் தப்பித்தது. அதன் அட்டையில் ஒரு குதிரை, ஒரு பெண், ஒரு வாள். குதிரைப் புத்தகம் என்று நினைத்து என்னிடம் விட்டுவிட்டாள்.

ராபின் மெக்கின்லி எழுதிய ‘தி ப்ளூ ஸ்வோர்ட்’. 1982-இல் அமெரிக்காவில் வந்த நாவல். அடுத்த ஆண்டு நியூபெரி ஹானர் பெற்றது. இளையோருக்கான ஃபேன்டசி என்று ஒரு தனி அலமாரி உண்டு என்பதோ, அதில் இது ஒரு முக்கியமான புத்தகம் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நான்கு ஏசி பெட்டிகளும் அவற்றுக்குப் பின்னால் தூசு படிந்த வானமும் இருந்தன. புத்தகத்தில் ஒரு பெண் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் ஹாரி க்ரூ. அப்பா அம்மா இறந்துபோக, ராணுவத்தில் இருக்கும் சகோதரனைத் தேடிப் பேரரசின் ஒரு மூலையில் இருக்கும் எல்லை ஊருக்கு வருகிறாள். ஒருபக்கம் மணல், மறுபக்கம் மலை. சாகிபுகளின் வீடுகள், மாலை விருந்துகள். அந்த மண்ணை ஒரு காலத்தில் முழுவதும் ஆண்ட டமார் மக்கள் இப்போது மலைகளுக்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். படித்த எவருக்கும் இது பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையின் நிழல் என்று புரிந்துவிடும். எனக்கு அதெல்லாம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வேற்றூர் மணலைப் பார்த்ததுமே அவளுக்கு அது பிடித்துப்போகிறது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

மலைவாசிகளின் அரசன் கோர்லத் ஒருநாள் அங்கே வருகிறான். வடக்கிலிருந்து வரும் எதிரிகளை எதிர்க்க உதவி கேட்கிறான். அதிகாரிகள் மறுக்கிறார்கள். கோபத்தோடு திரும்பும்போது வாசலில் நிற்கும் ஹாரியைப் பார்க்கிறான். அவன் வம்சத்து ரத்தத்தில் ஓடும் கெலார் என்ற மந்திர சக்தி அவனை உலுக்குகிறது. ராத்திரியோடு ராத்திரியாக வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பிறகு அவள் அவர்கள் பாஷையைக் கற்கிறாள். குதிரை ஏறக் கற்கிறாள், வாள் பிடிக்கக் கற்கிறாள். கடைசியில் கோன்டுரான் என்ற நீலவாள் அவள் கைக்கு வருகிறது. அந்த மக்களுடைய பழைய வீரப்பெண் ஒருத்தியின் வாள் அது.

அந்த வருடம் முழுக்க அந்தப் புத்தகத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை நாட்களில் பால்கனியில் நின்று, யாராவது வந்து என்னையும் தூக்கிக்கொண்டு போவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்காதீர்கள். நான் பிறந்த ஊர் அது. என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ஷார்ஜா என்றுதான் இருக்கிறது. அந்த ஊர் ஒருநாளாவது என்னைப் பார்த்து, ‘நீ எங்களுடையவள்’ என்று சொல்லும் என்று ஒரு குழந்தை எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

*

என் பாலைவனத்தில் மணல் ரொம்பக் குறைவு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வளைகுடாவில் வளர்ந்தேன் என்றதும் இங்கே கேட்கும் முதல் கேள்வி ஒட்டகத்தைப் பற்றியது. நான் ஒட்டகத்தை அதிகம் பார்த்தது ஐம்பது ஃபில்ஸ் நாணயம் மாதிரி அன்றாடம் புழங்கும் ஏதோ ஒன்றில் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள், அதுவும் பொய். பால் பாக்கெட்டில்தான் பார்த்தேன். என் பாலைவனம் என்பது ஒரு பெட்ரூம் ஃபிளாட், பள்ளிக்கூட பஸ், ரோலா பக்கத்துக் கடைகள், கோடையில் தொட்டால் சுடும் குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீர் கடலிலிருந்து வந்தது. கடல்நீரைக் காய்ச்சி, ஆவியாக்கி, உப்பைப் பிரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். ‘அவ்வளவு உப்பையும் என்ன பண்ணுவாங்க மிஸ்?’ என்று கேட்டேன். ‘திரும்பக் கடல்லயே விட்டுடுவாங்க’ என்றார் மிஸ்.

அப்பா துபாயில், தேரா பக்கம் ஒரு மொத்த ஜவுளி ஆபீஸில் கணக்கு எழுதினார். வந்திறங்கும் சரக்கில் பாதி திருப்பூர் பனியன். கன்டெய்னரில் வரும், அப்படியே வேறு கப்பலில் ஆப்பிரிக்காவுக்குப் போகும். அப்பா ஊரைவிட்டு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்து, ஊரிலிருந்து வரும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எல்லாமே விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் விசா கம்பெனியின் கையில். அம்மாவின் விசாவும் என் விசாவும் அப்பாவின் கையில். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டால் விசா தானாகவே செத்துவிடும். அங்கே பிறந்ததால் எந்த உரிமையும் கிடையாது. அந்த நாட்டுக் குடியுரிமை அப்பா வழியாக, ரத்தம் வழியாக வருவது. 2021-இல் சட்டத்தைத் திருத்தி முதலீட்டாளர்கள், டாக்டர்கள், விஞ்ஞானிகள் என்று சிலருக்குக் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஜவுளி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரின் மகளுக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இது ஒரு நாட்டின் மீதான புகார் இல்லை. அவர்கள் ஊர், அவர்கள் சட்டம். அந்த ஊர்ச் சம்பளத்தில்தான் எனக்குப் பால் வாங்கினார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் சட்டம் புரியாது. கதைதான் புரியும். கதையில் ஹாரிக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று நம்பினேன். அவளும் வந்தேறிதானே?

அப்போது நான் வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடம் அந்த நாவலில் இருக்கிறது. பாதிக் கதைக்குப் பிறகு, ஹாரிக்கு ஒரு ரகசியம் தெரியவருகிறது. அவளுடைய கொள்ளுப்பாட்டி டமார் நாட்டுப் பெண். குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கெலார் அவளுக்குள் எப்படி வந்தது, மணல் ஏன் பிடித்தது, வாள் ஏன் கைக்குப் பொருந்தியது, எல்லாவற்றுக்கும் அங்கே விடை கிடைத்துவிடுகிறது. அவள் வந்தேறியே இல்லை. ரத்தம் தன் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குதிரைகளும் போரும் வந்துகொண்டிருந்ததால் பன்னிரண்டு வயதில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. இருபத்தெட்டு வயதில் திரும்பப் படித்தபோது அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

*

2008 கடைசியில் துபாயில் கிரேன்கள் நின்றன. 2009 கோடையில் அப்பா என்னையும் அம்மாவையும் ஊருக்கு அனுப்பினார். ‘ஒரு வருஷம், நிலைமை சரியாகட்டும்’ என்றார். அப்போது நாங்கள்தான் எதிர்வீடுகளுக்குக் குக்கர் கொடுத்தோம். நீலவாளை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டுதான் திருப்பூர் மாவட்டத் தலைநகரம் ஆகியிருந்தது. பி.என். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை வீடு. கீழே ஒரு ஜாப் ஒர்க் யூனிட். பகல் முழுக்க ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களின் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். வீதியில் மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி. சனிக்கிழமை சம்பளநாள், ராத்திரி பத்து மணிக்கும் கடைவீதியில் நடக்க இடம் இருக்காது. என் கொங்குத் தமிழ் அம்மாவிடமிருந்து மட்டுமே வந்தது. அதனால் பள்ளியில் நான் பேசினால் ஒரு நாற்பது வயதுப் பொம்பளை பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். எழுதினால் தமிழில் தப்பு. கூப்பிட்டது ‘துபாய்க்காரி’ என்று. நான் ஷார்ஜா என்று திருத்துவேன். இன்னும் சிரிப்பார்கள்.

ரத்தம் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தால் கெலார் எழும்பும், மணல் தானாகப் பிடித்துப்போகும் என்பதெல்லாம் என் விஷயத்தில் நடக்கவில்லை.

சொந்த ஊர் என்று பார்த்தால் திருப்பூர்கூட இல்லை. நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கும் ஒரு சிற்றூர். அங்கே ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, தனியாக இருந்தார். முதல் லீவுக்குப் போனபோது கிணற்றைப் பார்க்க ஓடினேன். தண்ணீர் இருந்தது. கையில் அள்ளப் போனேன். ‘வேண்டாஞ் சாமி, அது வாயில வெக்கற தண்ணியில்ல’ என்றார் ஆத்தா. குடிக்கும் தண்ணீர் குடத்தில் வெளியிலிருந்து வந்தது. கிணற்றைச் சுற்றி, தலையில்லாத தென்னைமரங்கள் பத்துப் பதினைந்து நின்றன.

விவசாயத்துக்காகக் கட்டிய அணை ஒரத்துப்பாளையம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடிந்தது. மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கி அந்த அணையில் வந்து தேங்கியது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், நிறைய வேண்டும். துணி கப்பலேறிவிடும். உப்பு ஆற்றில் இறங்கிவிடும். அணையிலிருந்து நிலத்தடிக்கு, நிலத்தடியிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து தென்னையின் வேருக்கு. இரண்டு ஊரிலும் கேட்ட ஒரே கேள்விக்கு இங்கே வேறு பதில் இருந்தது. அவ்வளவு உப்பையும் என்ன பண்ணினார்கள்? எங்கள் ஆத்தா கிணற்றில் விட்டார்கள்.

அப்பா 1993-இல் துபாய் போனார். மஞ்சளும் தென்னையும் போட்ட நாலு ஏக்கர் காட்டில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிய நேரம். ‘வயசுப் பையன், சம்பாதிக்கப் போனான்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். யாரும் கிணற்றையும் விமானத்தையும் சேர்த்துச் சொன்னதில்லை. நானாகத்தான் பிறகு கூட்டிப் பார்த்தேன். பனியன் எங்கள் கிணற்றை எடுத்துக்கொண்டது. கிணறு போனதால் அப்பா பாலைவனத்துக்குப் போனார். பாலைவனத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, அதே பனியன்களை எண்ணுவது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. சொன்னது நடக்கவில்லை. 2011 ஜனவரி கடைசியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் பாதிப்பேரின் வீட்டில் யாராவது ஒருவர் சாயத்தையோ அதைத் தொடர்ந்த வேலையையோ நம்பி இருந்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே மிஷின் சத்தம் குறைந்து, பிறகு சில நாட்கள் முழுதாக நின்றது. அந்த அமைதி பயமாக இருந்தது. ஆத்தாவுக்குப் போன் பண்ணினேன். ‘நல்லதாப் போச்சு கண்ணு’ என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பாவம், அதுகளும் சோத்துக்குத்தான பண்ணுச்சுக’ என்றார்.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைச் சவ்வூடு பரவலில் வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுவதைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். வாங்க ஆளில்லாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடங்கில் கிடக்கிறது. ஷார்ஜாவில் கடலைக் காய்ச்சினார்கள். இங்கே ஆற்றில் விட்டதைக் காய்ச்சுகிறார்கள். குடிக்கும் தண்ணீர் பவானிப் பக்கமிருந்து, காவிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. ஒரு பாலைவன ஊர் எப்படிப் பிழைக்குமோ அப்படித்தான் நாங்களும் பிழைக்கிறோம்.

*

கல்லூரியில் பாலைத்திணை நடத்தியபோது முதல்முறையாகத் தமிழ் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு தம் இயல்பு கெட்டால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். ஆகவே பாலைவனம் என்பது எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஓர் இடம் இல்லை. ஓர் ஊருக்கு நேர்வது. ஒரத்துப்பாளையத்துக்கு நேர்ந்தது.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடித் தலைவன் சுரம் கடந்து போவான். தலைவி காத்திருப்பாள். தோழி சமாதானம் சொல்வாள். உடன்போன மகளை நினைத்துத் தாயும் செவிலியும் அழுவார்கள். யார் யார் பேசலாம் என்று தொல்காப்பியம் பட்டியலே போடுகிறது. அதில் குழந்தை இல்லை. தகப்பன் கிளம்பும்போது பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன் பாட்டில் வருவான். ஆனால் அவனுக்குப் பேச்சு கிடையாது. பாலையில் வளரும் பிள்ளைக்கு வாய் இல்லை. அந்த வாயைத்தான் நான் ஆங்கில ஃபேன்டசியில் போய்த் தேடினேன் போல.

தமிழில் எங்களுக்கு என்ன இருந்தது? சின்ன வயசுக்கு வாண்டுமாமா. கொஞ்சம் பெரிதானால் நேராகப் பொன்னியின் செல்வன். நடுவில் பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை ஒரு பெரிய வெட்டவெளி. என் மாமா பையன்கள் அந்த வெட்டவெளியைச் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸை வைத்துத் தாண்டினார்கள். இத்தாலிக்காரர்கள் வரைந்த டெக்ஸ் வில்லர் அமெரிக்கப் பாலைவனத்தில் குதிரையில் போவதைப் பார்த்துத் தமிழ்ப் பையன்கள் வளர்ந்தார்கள். வேற்றூர்ப் பாலைவனம் எங்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் தேவைப்பட்டிருக்கிறது.

வளைகுடாவில் வளர்ந்த பிள்ளை எழுதிய ஃபேன்டசி ஒன்று கடைசியில் கிடைத்தது. அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிகிருஷ்ணனின் ‘டெம்பரரி பீப்பிள்’, 2017-இல் வந்தது. அதில் ஒரு பெண்மணி இருக்கிறாள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களிலிருந்து விழும் தொழிலாளிகளை இரவில் தேடிப்போய், டேப்பும் பசையும் ஊசியும் கொண்டு ஒட்டித் தைப்பது அவள் வேலை. இன்னொரு கதையில் தொழிலாளிகளை நிலத்தில் பயிர்போல விளைய வைக்கிறார்கள். அவர்களுக்குக் குறிப்பிட்ட ஆயுள்தான். இதில் யாருக்கும் வாள் கிடைப்பதில்லை. யாருக்கும் உள்ளூர்க் கொள்ளுப்பாட்டி இல்லை. படித்து முடித்தபோது இதுதான் உண்மை என்று தோன்றியது. கூடவே, இதை என் பன்னிரண்டு வயதில் யாராவது கையில் கொடுத்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றும் தோன்றியது. நீலவாள் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறி இறங்கினேன்.

அப்பா சொன்ன ஒரு வருஷம் எட்டு வருஷம் ஆனது. தேராவில் ஓர் அறையில் ஆறு பேரோடு, அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு. 2017-இல் அவருடைய கம்பெனி மூடியது. சில மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது, வரவில்லை. ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். இப்போது ஒரு சின்ன யூனிட்டில் கணக்கு எழுதுகிறார். அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். டிவியில் துபாய் வந்தால் சேனலை மாற்றிவிடுவார்.

*

நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். சேவை என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் இந்த ஊரின் மிஷின்களில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் என் கூட்டம்.

அதில் ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது. ஒடிசாவிலிருந்து மூன்று வயதில் வந்தவள். அம்மா செக்கிங், அப்பா பேட்லாக் டெய்லர். வீட்டில் ஒடியா, வாசலில் இந்தி. என்னிடம் சுத்தமான கொங்குத் தமிழ். என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

நீலவாளைத் தமிழில் சொல்ல ஆரம்பித்து நாலு வாரம் ஓடியது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஐந்தாம் வாரம் கொள்ளுப்பாட்டி வந்தார். சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகப் பார்த்தேன்.

‘ஏனுங்க்கா, ஒரு நிமிசம்’ என்றாள் அவள். ‘அந்தக் கொள்ளுப்பாட்டி இல்லைன்னா அவளுக்குக் கத்தி குடுத்திருக்க மாட்டாங்களா?’

‘தெரியலயே.’

‘குடுத்திருக்க மாட்டாங்க. எல்லாம் ரத்தத்துல இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க.’ கொஞ்சம் யோசித்தாள். ‘அப்ப எனக்கெல்லாம் கெடைக்காது. என்ற கொள்ளுப்பாட்டி ஒடிசாதான்.’

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷமாக அந்தப் பக்கத்தை நான் வேகமாகத் தாண்டியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

‘கதைதான பாப்பா’ என்றேன்.

‘கதைதானுங்க. அப்ப மாத்திச் சொல்லுங்க.’

*

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். அம்மா, ‘வெவரமான புள்ள’ என்றாள். அப்பா எதுவும் சொல்லாமல் கை கழுவப் போனார். திரும்பி வந்து, நின்றபடியே, ‘உன்ற தொப்புள்கொடி அங்கதான் இருக்குது’ என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ‘ஆஸ்பத்திரியில தொலஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க?’

ஆத்தா வெள்ளித் தாயத்தில் அடைத்து எனக்குக் கட்டுவதற்காக, காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைப் பத்திரமாக அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். தொலைந்துவிட்டது என்று அப்பா பதில் எழுதியிருக்கிறார். தொலையவில்லை. 1996-இல் ஒரு வெள்ளிக்கிழமை, நண்பர் ஒருவரின் வண்டியில் தைத் போகும் சாலையில் போய், சாலையை விட்டு இறங்கி, ஒரு காஃப் மரத்தடியில் சிவப்பு மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

‘அந்த மரந்தான் நம்மூரு வன்னி. கொடுமுடிக் கோயில்ல இருக்குதே, அதே சாதி. அங்க போயி மொதல்ல நான் அடையாளம் கண்டது அதைத்தான்.’

நான் பிறகு சரிபார்த்தேன். உண்மைதான். அமீரகத்தின் தேசிய மரமான காஃபும் நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னியும் ஒரே இனம். ஆழத்தில் இருக்கும் தண்ணீரைத் தேடிப் பல மீட்டர் வேர்விடும் மரம். கொடுமுடியில் பழனிக் காவடிக்காரர்கள் காவிரித் தீர்த்தம் எடுக்கும்போது வன்னி இலையைப் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். எத்தனை நாள் நடந்தாலும் தண்ணீர் கெடாது என்பது நம்பிக்கை. எங்கள் நொய்யல் போய்ச் சேர்வதும் அந்தப் பக்கத்துக் காவிரியில்தான்.

‘ஏம்ப்பா அங்க பொதைச்சீங்க?’

‘இந்த ஊர்ல நமக்குன்னு ஒரு பொட்டு இருக்கட்டும்னு தோணுச்சு. அப்ப திரும்பி வர்ற யோசனையே எனக்கில்ல. இங்க எதுக்குத் திரும்பறது? கெணறும் போச்சு.’ சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். ‘அந்த மரத்தை அங்க யாரும் வெட்டக் கூடாது, சட்டம். மரத்துக்கிட்ட விசாவும் கேக்க மாட்டாங்க.’

அதன்பிறகு அந்த ஊரைப் பற்றி அப்பா கொஞ்சம் பேசுகிறார். அடுக்குக் கட்டில், அறையில் இருந்த ஆறு பேர், யார் என்ன சமைப்பார் என்று. சம்பளப் பாக்கி பற்றி இன்னும் பேசுவதில்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதையை மாற்றிச் சொன்னேன். கொள்ளுப்பாட்டியை எடுத்துவிட்டேன். கதை விழுந்துவிடும் என்று பயந்தேன். விழவில்லை. ஹாரி காலையில் எழுந்து குதிரையிலிருந்து விழுகிறாள், மறுபடி ஏறுகிறாள், கை கொப்புளிக்கிறது, தெரியாத பாஷையில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அதெல்லாம் மெக்கின்லியின் நாவலிலேயே இருக்கிறது. ரத்தத்தின் சத்தத்தில் நான்தான் அதைச் சரியாகக் கேட்டிருக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்தது. அவளுக்குக் கெலார் எப்படி வந்தது? அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளிடமே கேட்டேன்.

கடவுள் கொடுத்தார் என்றான் ஒருவன். ராஜா கொடுத்தான் என்றாள் இன்னொருத்தி. இவள் கையைத் தூக்கினாள்.

‘அக்கா, ரெண்டாம் வாரத்துல அவங்க அவளுக்கு ஒரு தண்ணி குடுத்தாங்கள்ல? குடிச்சா என்னென்னமோ தெரியும்னு சொன்னீங்களே?’

ஆமாம். பார்வை தரும் நீர். முதல் முறை அதைக் குடிக்கும்போதுதான், செந்தலைமுடியோடு நீலவாள் ஏந்திய பெண்ணை ஹாரி பார்க்கிறாள். நானே மறந்துபோயிருந்தேன்.

‘அதானுங்க்கா. அந்த ஊருத் தண்ணியக் குடிச்சுப்போட்டா அந்த ஊருக்காரிதானுங்க. ரத்தம் எதுக்குங்க?’

மாடிப்படிக்குக் கீழே, லைன் வீடுகளுக்குப் பொதுவான குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடங்களோடு அவளுடைய அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. ‘மிச்சத்த அடுத்த வாரம் சொல்லுங்க’ என்று எழுந்து ஓடினாள்.